இன்சுலினை மூச்சில் இழுக்கலாம், தெரியுமா?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அவை என்ன தெரியுமா? வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள்! சேற்றுக்குள் காற்று போதாது. அதனால் வேர் மேலே எழும்பி நுண்துளைகள் வழியே காற்றை வாங்குகிறது.

நம் நெஞ்சுக்குள் இருப்பதோ அதைவிடப் பெரிய அதிசயம். 30 கோடிக்கும் அதிகமான காற்றறைகள்! அவற்றின் சுவர் ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. அதைத் தாண்டினால் ரத்தம்.

அந்த வழியில் இன்சுலினை அனுப்ப முடியுமா? 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1925-லேயே ஜெர்மனியில் முயன்று பார்த்துவிட்டார்கள்! சூட்சுமம் துகளின் அளவில் இருக்கிறது. 5 மைக்ரானைத் தாண்டினால் பெரும்பாலும் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரானுக்கும் கீழே போனால் வெளிவிடும் மூச்சோடு நிறையவே திரும்பிவிடும். 1997-ல் டேவிட் எட்வர்ட்ஸ், ராபர்ட் லாங்கர் ஆராய்ச்சிக் குழு என்ன செய்தது தெரியுமா? துகளைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, உள்ளே துளைகளால் நிரப்பி, எடையைக் குறைத்துவிட்டது. துகள் ஆழம்வரை போனது. உருவம் பெரிதென்பதால் நுரையீரலின் காவல் செல்களாலும் எளிதில் விழுங்க முடியவில்லை!

2006-ல் 'எக்ஸுபெரா' என்ற மூச்சில் இழுக்கும் இன்சுலின் விற்பனைக்கு வந்தது. இழுத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போனது, கருவியும் பெரிது. விற்பனை படுத்துவிட, 2007-ல் நிறுத்திவிட்டார்கள். 2014-ல் அமெரிக்கா அனுமதித்த 'அஃப்ரெஸா' வேறு தினுசு. அமிலத்தில் உருவாகும் 2 முதல் 3 மைக்ரான் துகள், நுரையீரலின் நடுநிலை ஈரம் பட்டதும் கரைந்துவிடும். கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இன்சுலின் உச்சத்தைத் தொடுகிறது! இதை இந்தியாவில் விற்க 2024 டிசம்பரில் சிப்லா மருந்து நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையிலும் சிதம்பரத்திலும் 'சுகர் ஊசி' போட்டுக்கொள்பவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஆனால் கவனம்! ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால் கூடவே கூடாது; புகைபிடிப்பவர்களுக்கும் ஆகாது. தொடங்குமுன் நுரையீரல் சோதனை அவசியம். இது சாப்பாட்டு நேரத்து இன்சுலின் மட்டுமே. முதல் வகை நீரிழிவுக்காரர்கள் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை விட்டுவிட முடியாது.

இன்சுலினோடு கதை முடியவில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசினும் ஒரு ஹார்மோன்தான். அதன் ஊசி மருந்துக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும், ஊசி போடத் தெரிந்தவரும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் அதையே வெப்பம் தாங்கும் பொடியாக்கி, தாய் மூச்சில் இழுக்கும்படி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது!