ஒத்திகையில் ஒரு ‘கவர்னர்’!

வாங்க, சத்தம் காட்டாமல் பின்னாடியே வாங்க. மதுரையிலிருந்து தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் பல்கலை நகர். 1966-ல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு ஒத்திகை நடக்கிறது. தெரிந்தவர் ஒருவர் புண்ணியத்தில் நைசாக மேடைக்குப் பின்னால் நுழைந்தாயிற்று!

அடடா, என்ன களேபரம்! அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அங்கிகள், டீ கேன், சுருட்டிவைத்த வயர்கள். நடுமேடையில் வேந்தருக்கான உயர்ந்த நாற்காலி. வேந்தர் என்றால் ஆளுநர்தான். இன்று அதில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பவர் ஓர் அலுவலக உதவியாளர்! ஆய்வு மாணவர்கள் வரிசையாக வந்து, அவரிடம் இல்லாத சான்றிதழைப் பவ்யமாக வாங்கிப் போகிறார்கள்.

“அண்ணே, அப்படியே ஒரு வேலையும் போட்டுக் குடுங்க.”

“கவர்னர்ட்ட அதெல்லாம் கேக்கக்கூடாது தம்பி, நகரு நகரு.”

அங்கிக்குள் எல்லோரும் வெந்துகொண்டிருக்கிறார்கள். “போட்டோ எடுத்ததும் நிக்காம இறங்கணும்!” என்று கத்திக் கத்தி ஒரு பேராசிரியருக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

வேந்தர் போடும் அங்கியில்தான் விஷயமே இருக்கிறது. ஒருவர் ஆளுநராக இருக்கும்போது பெரும்பாலும் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். அரசமைப்பின் 163-வது பிரிவு அப்படி. ஆனால் வேந்தர் அங்கியை மாட்டிக்கொண்டால் பல்கலைக்கழகச் சட்டம் தனி அதிகாரம் தருகிறது. அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இழுபறி வருவது இங்கேதான்.

கௌரவ டாக்டர் பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941-ல் அமெரிக்கன் கல்லூரியில் படித்தபோது கைதாகி, பட்டத்தேர்வு எழுத முடியாமல் போனவர் சுதந்திரப் போராட்ட வீரர் என்.சங்கரய்யா. அவருக்கு இந்தப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தரத் தீர்மானித்தது. வேந்தரான அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி கையெழுத்துப் போடவில்லை. இதைக் கண்டித்து, 2023 நவம்பர் 2-ல் நடந்த பட்டமளிப்பு விழாவை, அன்றைய இணைவேந்தரான அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். அதே மாதம் 15-ம் தேதி சங்கரய்யா காலமானார். ஒரு கையெழுத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று இனி யாரும் கேட்க முடியாது!

இதோ, மைக் சோதனை. ஆளுநர் வரும்போது தேசிய கீதம்; அதனால் ‘வேந்தர்’ அண்ணன் வெளியே போய், மறுபடி உள்ளே வருகிறார். பாட்டுப்பெட்டி மக்கர் செய்ய, திரும்பவும் வெளியே போகிறார். மூன்றாம் தடவை அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கப் போகிறதா? கர்ச்சீப் இரண்டாகக் கொடுத்தனுப்புங்கள். காலையில் வயிறு நிறைய இட்லியும் போட்டுவிடுங்கள். ஆளுநர் வருவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள்.