சாங்கி முதல் உரும்சி வரை: விடுதலை கேட்கும் குரல்கள்

1959 ஜூன் 4. சாங்கிச் சிறையிலிருந்து எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் லிம் சின் சியோங், ஃபோங் ஸ்வீ சுவான், தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, சாண்ட்ரா உட்ஹல் ஆகியோர் அவர்களில் அடக்கம். யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டவர்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன் நடந்த தேர்தலில் 51 இடங்களில் 43ஐ வென்ற மக்கள் செயல் கட்சி, இவர்களை விடுவிக்காவிட்டால் பதவியேற்க மாட்டோம் என்று பிரிட்டிஷ் ஆளுநரிடம் சொல்லியிருந்தது. அரசியல் கைதிகளின் விடுதலையை நிபந்தனையாக வைத்துத்தான் சிங்கப்பூரின் சுயாட்சி அரசு பிறந்தது.

அப்படிப்பட்ட ஊரில், சீனாவில் சிறைப்பட்டுள்ள உய்குர் சிறுபான்மையினரை விடுவிக்கச் சொல்லி உலகம் எழுப்பும் குரல் அந்நியமாக ஒலிப்பது வருத்தம் தருகிறது. ‘அது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள சண்டை, நமக்கென்ன?’ என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அதற்கான பதில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஃபேரர் பார்க் சொல்லும் பாடம்

1942 பிப்ரவரி 17 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் பின்னர் அதில் திரளாகச் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் அதன் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் டெல்லிச் செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். பூலாபாய் தேசாய் வாதாடினார்; நேரு வழக்கறிஞர் அங்கியை மீண்டும் அணிந்தார்; நாடு தெருவுக்கு வந்தது. ஆயுள்கால நாடுகடத்தல் என்று தீர்ப்பான பிறகும், 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆச்சின்லெக் அவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று. ஊர்கூடி எழுப்பிய குரலே அந்தக் கதவைத் திறந்தது.

1954இல் இன்னொரு வழக்கு. ‘ஃபஜார்’ என்ற மாணவர் இதழின் கட்டுரைக்காக, மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் மீது ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டது. புதுச்சேரி, அருட்சோதி, பிற்காலத்தில் கவிஞராகப் புகழ்பெற்ற எட்வின் தம்பு ஆகியோர் அந்த எட்டுப் பேரில் இருந்தனர். லண்டனிலிருந்து டி.என்.பிரிட் வந்து வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர், பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ. எட்டுப் பேரும் விடுதலையானார்கள். கடல் கடந்து வந்த உதவியை அன்று லீ மனமுவந்து ஏற்றார்.

32 ஆண்டுகள்

ஆட்சி லீயின் கைக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1963 பிப்ரவரி 2 அன்று நடந்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுதலையான லிம் சின் சியோங், புதுச்சேரி, உட்ஹல் மூவரும் மறுபடி உள்ளே போனார்கள். கம்யூனிஸ்டுச் சதியை முறியடிக்கவே இந்தக் கைதுகள் என்றது அரசு. நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்கவில்லை. பத்திரிகையாளர் சைட் ஜஹாரி 1979 வரை அடைபட்டுக் கிடந்தார். மருத்துவர் லிம் ஹாக் சியூவின் காவல் முடிந்தது 1982இல்.

இவர்களையெல்லாம் விட நீண்டது சியா தை போவின் காவல். நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸின் ஜூரோங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். 1966 அக்டோபர் 29 அன்று கைதானபோது வயது இருபத்தைந்து. வன்முறையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால் போகலாம் என்றார்கள். செய்யாத ஒன்றைக் கைவிடுவதாக எப்படி எழுதுவது என்று அவர் மறுத்தார். அந்த மறுப்புக்கு விலை 23 ஆண்டுச் சிறை. 1989இல் வெளியே விட்டார்கள்; ஆனால் செந்தோசாத் தீவில் ஓர் அறை கொண்ட காவல் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1998 நவம்பரில். மொத்தம் 32 ஆண்டுகள்.

அவரை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் மனசாட்சிக் கைதி என்று அறிவித்து விடாமல் முறையிட்டது. 1976இல், விசாரணையில்லாக் காவலைக் காரணம் காட்டி மக்கள் செயல் கட்சியை சோஷலிஸ்ட் இன்டர்நேஷனல் என்ற கட்சிகளின் கூட்டமைப்பிலிருந்து நீக்கக் கோரியது நெதர்லாந்துத் தொழிற்கட்சி. லண்டனில் அரசின் தரப்பை எடுத்துரைத்தவர், 1959இல் விடுதலையான அதே தேவன் நாயர். மக்கள் செயல் கட்சி தானாகவே விலகியது. அடுத்த ஆண்டு வழக்கறிஞர் ஜி.ராமன் கைதானார். கைதிகளின் விடுதலைக்காக ஐரோப்பிய சோஷலிஸ்டுகள் மூலம் அழுத்தம் உண்டாக்கினார் என்பது அவர்மீது அரசு சொன்ன குற்றங்களில் ஒன்று. வெளியே போகும் ஒரு தகவலுக்கு அதிகாரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உடனடிப் பலன் கிடைத்ததா? இல்லை. ஆனால் சியா தை போவின் பெயர் மறையவில்லை. ஹாம்பர்க்கின் ஓர் அறக்கட்டளை அவரை அழைக்க, 1997இல் ஜெர்மனி செல்ல அனுமதி கிடைத்தது. பிறகு நெதர்லாந்தில் படித்து, 2006இல் முனைவர் பட்டம் பெற்றார். குடியரசுத் தலைவராக உயர்ந்து பதவி விலகிய தேவன் நாயரோ, 1994இல், விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஃபிரான்சிஸ் சியோவின் சிறை நூலுக்கு முன்னுரை எழுதினார். முறையீட்டை ஒரு காலத்தில் எதிர்த்தவர்களின் மனத்தையும் காலம் திருப்பக்கூடும்.

உரும்சியில் ஒரு பேராசிரியர்

இல்ஹாம் தோஹ்தி பெய்ஜிங்கில் பொருளியல் கற்பித்த உய்குர் பேராசிரியர். ஹான் சீனருக்கும் உய்குர்களுக்கும் இடையே உரையாடல் வேண்டும் என்று எழுதியவர். 2014 செப்டம்பர் 23 அன்று, சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியிலுள்ள நீதிமன்றம் இரண்டு நாள் விசாரணைக்குப் பின் பிரிவினைவாதி என்று சொல்லி அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்கு சாகரோவ் பரிசு அளித்தது. மகள்தான் வந்து வாங்கிக்கொண்டார். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ராஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கும் ஆயுள் தண்டனை என்ற செய்தி 2023இல்தான் உறுதியானது.

2022 ஆகஸ்டு 31 அன்று வெளியான ஐநா மனித உரிமை அலுவலக அறிக்கை, சின்ஜியாங்கில் நடந்த தடுத்துவைப்புகள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது. அந்தத் தடுப்பு இடங்கள் தொழிற்பயிற்சி மையங்கள் என்கிறது சீனா. அந்த அறிக்கையை விவாதிக்கலாமா என்ற தீர்மானமே ஐநா மனித உரிமை மன்றத்தில் அவ்வாண்டு அக்டோபரில் 17க்கு 19 என்ற வாக்குகளில் தோற்றது. இந்தியாவும் மலேசியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின.

முறையீடு வென்றதும் உண்டு. 1999இல் கைதான உய்குர் தொழிலதிபர் ரெபியா கதீர், அமெரிக்கா தொடர்ந்து வலியுறுத்தியதாலும் உலக அமைப்புகளின் முயற்சியாலும் 2005 மார்ச்சில் தண்டனைக் காலம் முடியுமுன்னே விடுவிக்கப்பட்டார். 2018இல் மலேசியா, சீனாவின் கோரிக்கையை ஏற்காமல், தன்னிடம் பிடிபட்டிருந்த 11 உய்குர்களைத் துருக்கிக்கு அனுப்பியது. நம் பக்கத்து நாட்டால் முடிந்த காரியம் அது.

நம்மால் என்ன முடியும்?

வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகத் தொழிலாளி, ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தில் நிற்கச் சட்டம் இடம் தராது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த உரிமை உண்டு. அது இருப்பவர்கள் பயன்படுத்த வேண்டும். தங்ளின் சாலையிலுள்ள சீனத் தூதரகத்துக்கு இல்ஹாம் தோஹ்தியின் பெயரைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் நம் தொகுதி உறுப்பினரைப் பார்த்து, இதை நாடாளுமன்றத்தில் கேளுங்கள் என்று சொல்லலாம்.

விசாரணையின்றி அடைப்பதும், பெயருக்கு ஒரு விசாரணை நடத்தி அடைப்பதும் எந்த நாட்டில் நடந்தாலும் அநீதியே. சொந்த நாட்டில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் நம் குரலுக்கு மதிப்பு வரும். வாசகர்களே, இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள்.