அலைவாயில் நிற்காத மோட்டார் எது?

படகு மோட்டார் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, எது உழைக்கும்?" என்பதுதான். விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் இந்தக் கேள்விக்கு உயிர்விலை உண்டு. எக்கியார்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் பைபர் படகுகளை மணலிலிருந்துதான் தள்ளி இறக்குகிறார்கள். அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும்.

டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். ஆகவே அதே குதிரைத்திறனுக்கு டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, பாகமும் குறைவு. படகு கவிழ்ந்து உள்ளே தண்ணீர் புகுந்தாலும், உடனே கவனித்தால் பிழைக்கும்: பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு மறுபடி கிளப்பிவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் அடியில் தேங்கிய ஆயிலையும் மாற்றியாக வேண்டும். அதைக் கண்டபடி சாய்த்துப் படுக்க வைக்கவும் முடியாது.

டூ ஸ்ட்ரோக்கின் பலவீனம் கேனில் இருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். கூடுதலாகக் கலந்தால் பிளக்கில் கரி அடையும். குமரியிலும் கேரளத்திலும் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மோட்டார்களில் கரித்தொல்லை இன்னும் அதிகம்.

ஆனால் டூ ஸ்ட்ரோக் உலகச் சந்தையில் தோற்றது பழுதினால் அல்ல, புகையினால். பழைய கார்புரேட்டர் மோட்டார்களில் கால்வாசி எரிபொருள் எரியாமலே தண்ணீரில் கலந்தது. அமெரிக்கா 1996இல் விதித்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு நகர்ந்தன. 1909இல் ஓலே எவின்ரூட் தொடங்கிய எவின்ரூட் மோட்டார் கடைசிவரை டூ ஸ்ட்ரோக்கைக் கைவிடவில்லை. அதன் உற்பத்தியும் 2020இல் நின்றது.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: மணல். இவ்வகை மோட்டார்கள் கடல்நீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. கரையோரத்துக் கலங்கல் நீரோடு மணலும் ஏறினால் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து, இன்ஜின் கொதிக்கும். சோழமண்டலக் கரையில் லாங் டெயில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நீண்ட தண்டின் நுனியில் விசிறி. படகுக்குள் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். இதுவும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆனால் நீர் பம்பு இல்லை, உப்பு அரிக்க ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஆபே ஆட்டோக்களில் ஓடியது இதே ரக இன்ஜின் என்பதால், திண்டிவனத்தில் ஆட்டோ பழுது பார்ப்பவருக்கு அதன் வயிறு புதிதல்ல. காது செவிடாகும் சத்தமும் கையை உலுக்கும் அதிர்வும் அதற்கான விலை. டீசலில் தண்ணீர் கலந்தால் இதுவும் நின்றுபோகும்.

எனவே, மணலில் இறக்கும் படகுக்கு என் ஓட்டு லாங் டெயிலுக்கே. முகத்துவாரத்திலோ உப்பங்கழியிலோ ஓட்டுபவர், உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்குமானால், ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம், எரிபொருள் மிச்சம். எதுவானாலும் கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட்டுக் கழுவ வேண்டும், லாங் டெயிலுக்கு வெளிக்கழுவல் போதும்.

மோட்டார் நின்றால் ஆபத்து மீன்பிடிப் படகுக்கு மட்டுமல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்களுக்குள் மீட்புப் படகுகள் போக நேர்ந்தது. வருடத்தில் பதினோரு மாதம் சும்மா கிடக்கும் மீட்பு மோட்டாருக்கு ஸ்ட்ரோக் கணக்கு முக்கியமில்லை. கார்புரேட்டரில் தங்கிய பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். அத்தகைய மோட்டாரைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பாருங்கள்.