பாடு கிடைத்தவரும் கிடைக்காதவரும்

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயலாகும். அதன் பெரும்பரப்பு ஆந்திர மாநிலத்திலும், தென்கோடிப் பகுதி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீரும் கலக்கும் இந்த ஆழம் குறைந்த நீர்ப்பரப்பில் இறால் எங்கும் ஒரே அளவாகப் படுவதில்லை. நீரோட்டம் வாகாக அமைந்த சில துறைகளில் வலை கட்டியவருக்கு நிறையவும், மற்ற இடங்களில் பட்ட பாட்டுக்கே கட்டாத அளவிலும் கிடைப்பதால், இங்கு மீனவரிடையே எழும் பூசல்களில் பல, நல்ல துறையில் இன்று யார் இறங்குவது என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன.

அதற்கு இப்பகுதி மீனவர் தலைமுறைகளுக்கு முன்பே கண்ட விடை பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள், உரிமை உடையவர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, எந்தத் துறையில் எந்த நாளில் எவர் வலை கட்டுவது என்பதைக் குலுக்கலாலும் சுழற்சியாலும் தீர்மானிக்கின்றன. இன்று நல்ல துறை வாய்க்காதவருக்குச் சுற்று திரும்பும்போது அது வந்து சேரும் என்பதால், வலிமையுள்ளவர் முந்திக்கொள்ளும் நிலை தவிர்க்கப்படுகிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் என்னும் கழிவலைத் தொழிலிலும் இதை ஒத்த திருவுளச்சீட்டு முறை உண்டு. அங்கு அது அரசின் மீன்பிடி விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. பழவேற்காட்டில் பாடு, பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லை நம்பியே நடந்துவருகிறது.

ஆனால் அமைதி காக்கும் இந்த ஏற்பாடே மனக்குறைக்கும் காரணமாக இருப்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாடு உரிமை பிறப்பாலும் ஊராலும் வருவது. ஏரியை நம்பி வாழும் தலித் குடும்பங்களும், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு நீருக்குள் தடவி இறால் பிடிக்கும் இருளரும், ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பின் தொழிலுக்கு வந்த பிற ஊரினரும் அந்த வரிசைக்கு வெளியே நிற்பவர்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்து குறையும் ஆண்டுகளில் மீன்பாடு குறைய, உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையிலான இறுக்கம் கூடுகிறது. மாநில எல்லையோ நீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைக் கடந்து வலை போட்டதாகத் தமிழக, ஆந்திர மீனவர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இத்தகைய பூசல் எந்த அளவுக்குப் போகும் என்பதற்குச் சிலிகாவே சான்று: 1999 மே மாதம், இறால் பண்ணைகளுக்கு எதிராகத் திரண்ட மீனவர்கள் மீது சோரானா ஊரில் காவல்துறை சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர்.

வயது என்பது இன்னொரு வேலி. பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டு, அதாவது ஊர் வரி செலுத்திப் பஞ்சாயத்தில் பேசும் தகுதி, பொதுவாகத் திருமணமான ஆணுக்கே உரியது. கல்லூரியில் படித்த 22 வயது இளைஞனுக்கும், மீனை ஏலம் எடுத்து விற்கும் அவனுடைய தாய்க்கும் அங்கே இடமில்லை. தகராறு முற்றும் நாளில் முன்வரிசைக்கு அனுப்பப்படுபவனும், பின்னர் வழக்கைச் சுமப்பவனும் பெரும்பாலும் அந்த இளைஞனே. சமரசம் பேசும் இடத்தில் மட்டும் அவன் வெளியே நிற்கிறான். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர் 9 அன்று நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம் பேசுவது இந்த முரணைப் பற்றித்தான். 18 முதல் 29 வயதுவரை உள்ளவர்களை வன்முறையைத் தூண்டுபவர்களாகவோ அதற்கு இரையானவர்களாகவோ மட்டும் பாராமல், அமைதிப் பேச்சிலும் முடிவெடுப்பிலும் பங்காளிகளாக ஏற்க வேண்டும் என்று அது உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. போர் நடந்த நாடுகளை மனத்தில் கொண்டு எழுந்த தீர்மானம் என்றாலும், அதன் தர்க்கம் குப்பங்களுக்கும் பொருந்தும்.

நடைமுறையில் இளைஞரின் பங்கேற்பு ஒருநாள் பயிற்சி முகாமாகவும் சான்றிதழாகவும் சுருங்கிவிடுவது வாடிக்கை. பழவேற்காட்டில் இளைஞர் செய்யக்கூடியது அதைவிடத் திட்டவட்டமானது. எல்லைத் தகராறில் வலை கிடந்த இடத்தைக் கைப்பேசியின் இடங்காட்டியால் பதிவு செய்தால், வாய்ச்சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிடும். தமிழும் தெலுங்கும் தெரிந்த எல்லையோர இளைஞர் இரு கரைப் பஞ்சாயத்துகளுக்கும் இடையே தூது செல்லலாம். பேசி முடித்ததை இரு மொழியிலும் எழுதி வைக்கலாம். முகத்துவாரத்தின் ஆழத்தையும் நீரின் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து வைத்தால், மீன்பாடு குறைந்ததற்கு அடுத்த ஊரார்தான் காரணமா, தூர்ந்த வாயா என்று பேசுவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற திட்டங்களை எதிர்த்து எல்லா ஊராரும் சேர்ந்து பேசும்போதும் அதே கணக்கு கைகொடுக்கும்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை; தேவைப்படுவது அதிகாரம். இளைஞர் எழுதி வைத்த குறிப்பைப் பஞ்சாயத்து சான்றாக ஏற்க வேண்டும். திருமணம் ஆகாதவரும், பெண்களும், பாடு இல்லாத ஊரினரும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். பாடு வரிசையில் பெயர் சேர்ப்பதைவிடப் பெரியவர்களுக்கு இது கடினமாகத் தோன்றக்கூடும், ஏனெனில் வரிசையில் பெயர் சேர்த்தால் குறைவது சில நாள் இறால் மட்டுமே. கூட்டத்தில் இடம் கொடுத்தால், அந்த வரிசையை இனி யார் எழுதுவது என்பதே பேச்சுக்கு வந்துவிடும்.