மிச்ச ரெசினில் தொங்கும் அலமாரி

மேசை வார்த்ததுபோகக் கால் டப்பா எபாக்சி ரெசின் மிச்சம் இருக்கும். விலையை நினைத்தால் தூக்கிப்போட மனசு வராது. "ட்ரில்லே வேண்டாம் சார், நல்லாப் பிடிக்கும்" என்று அதைத் தடவி, அலமாரியைச் சுவரில் ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிடிக்கத்தான் செய்யும், ஆனால் சுவரை அல்ல. செங்கல்லுக்கும் பசைக்கும் நடுவே பூச்சு, புட்டி, பெயின்ட் என்று மூன்று அடுக்கு. எடையைத் தாங்குவது அவற்றில் பலவீனமான அடுக்குதான். அப்படி விழுந்த அலமாரியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பசை பளபளவென்று அப்படியே இருக்கும், அதன்மேல் பெயின்ட்டும் வெள்ளைப் புட்டியும் தோலாக உரிந்து வந்திருக்கும்.

வார்ப்பு ரெசின் நீர்த்தது, நிமிர்ந்த சுவரில் வழிந்துவிடும். குத்துமதிப்பாக ஹார்டனர் ஊற்றினால் உள்ளே பிசுபிசுப்பு போகவே போகாது. சரியாக இறுகியதும்கூடப் பலவகை 50, 60 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும். அடுப்புக்கு மேலே இதை நம்பவே கூடாது.

வெப்பம் மட்டுமல்ல, ஓயாத எடையும் எதிரிதான். 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில், சுரங்கச் சாலையின் கூரைக் கான்கிரீட் பலகைகள் காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். போல்ட்டுகளைப் பிடித்திருந்த எபாக்சி, ஓயாத எடையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்ததே காரணம் என்றது விசாரணை. அதுவோ போல்ட் பதிக்கவென்றே விற்கப்பட்ட பசை!

ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. தோலில் பட்டால் தின்னர் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கலந்ததை டம்ளர் நிறைய விட்டுவைத்தால் கொதித்துப் புகையும்.

இனி சட்டம். நீங்களே ஒட்டிய அலமாரி விழுந்தால் வழி குறுகல்தான்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87வது பிரிவுப்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. டப்பாவில் எழுதியிருக்கும் பயன்பாட்டை முதலில் படிப்பது அதற்காகவும்தான். கூலி வாங்கியவர் ஒட்டியிருந்தால் கதை வேறு; அது சேவைக் குறைபாடு. விழுந்ததைப் பெருக்கித் தள்ளுமுன் சுவரையும் அலமாரியின் முதுகையும் படம் எடுங்கள். ரசீது தராதவருக்குப் பணம் அனுப்பிய தடமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரமாகும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைக்கலாம், சரிப்படாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.