இரவல் பச்சை

வைட்ஃபீல்டில் ஆடிட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் செயலியை இன்னும் யாரும் சோதிக்கவே இல்லை. ஆனாலும் தணிக்கைத் திரையில் பாதிக் கட்டங்கள் பச்சையாக இருக்கின்றனவே, எப்படி?"

அது இரவல் வாங்கிய பச்சை. செயலி ஓடுவது மும்பையில் ஒரு கிளவுட் டேட்டா சென்டரில் என்று வையுங்கள். கதவுக் காவல், தீயணைப்பு, ஜெனரேட்டர் எல்லாம் கிளவுட்காரர் பாடு. அவர் ஒருமுறை தணிக்கையில் தேறினால், அங்கே குடியிருக்கும் செயலிகள் எல்லாம் அந்த முடிவைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். 'இன்ஹெரிட்' என்பார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிடும் 800-53 தொகுப்பு (ஐந்தாம் திருத்தம் 2020-இல் வந்தது) பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைப் பொதுவானது, அவரவருடையது, இரண்டும் கலந்தது என்று பிரிக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்தக் கலப்புதான். எங்கள் அபார்ட்மென்டில் லிஃப்டும் மோட்டாரும் சங்கத்தின் பொறுப்பு. சமையலறை கேஸ் டியூப் என் பொறுப்பு. டியூப் கசிந்தால் சங்கத்தின் என்ஓசியைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கணினியின் நடவடிக்கைக் குறிப்பான லாக் விஷயமும் இப்படித்தான். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அமேசான் கிளவுட்டில் யார் எதைத் தொட்டார் என்று குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில், நாம் எதுவும் செய்யாவிட்டால் 90 நாள் வரலாறுதான் காட்டும். மீதிக்கு நாமே டிரெயில் அமைத்துச் சேமிக்க வேண்டும். குறிப்பது அவர், காப்பது நாம். இதை முழுப் பச்சையாக இரவல் வாங்கியவருக்கு, 91-ஆம் நாள் விசாரணைக்கு ஆள் வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு வியாதி, இரவலை நகலெடுத்து வைப்பது. தாய் அமைப்பு சிவப்பானால் பிள்ளைகளும் அன்றே மாற வேண்டும்; அதற்கு இணைப்பு உயிரோடிருக்க வேண்டும். பலர் எக்செல்லில் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். என்ஐஎஸ்டியின் ஆஸ்கால் வடிவத்தில் எது தரப்பட்டது, எது வாங்குபவர் பொறுப்பு என்று கணினி படிக்கும்படி தனித்தனியே எழுதலாம். வசதி இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை.

எங்கள் வராந்தாவில் தீயணைப்பான் ஒன்று தொங்குகிறது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் வருடா வருடம் 'உள்ளது' என்றே வருகிறது. போன வாரம் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கெடு முடிந்து இரண்டு வருடம். வாசகரே, உங்கள் பச்சைக் கட்டங்களில் ஒன்றைத் தட்டி, உள்ளே என்ன தேதி இருக்கிறது என்று எழுதுங்கள்.