பிழையான குறியைவிடக் குறி இல்லாதது மேல்

குறிகட்டுவான் துறையில் சரக்கேற்றி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ அனுப்பும் வியாபாரிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். வள்ளம் ஓட்டுபவருக்குக் கரையிலுள்ள அடையாளம் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைப்பார், பொறுத்திருப்பார். அந்த அடையாளம் இடம் மாறியிருந்தால் நம்பிப் போய்த் தரை தட்டுவார். விமானத்திற்கும் இதே கதைதான்.

மழையிலும் பனியிலும் ஓடுபாதை தெரியாதபோது விமானிக்கு வழிகாட்டுவது ஐ.எல்.எஸ். எனும் தரையிறங்கு கருவி. இது இரண்டு வானொலிக் கற்றைகளை அனுப்புகிறது. ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றது இறங்க வேண்டிய சரிவை, வழமையாக 3 பாகையில், காட்டும். ஒவ்வொரு கற்றையிலும் 90, 150 ஹேட்ஸ் என இரு ஒலிகள் உண்டு. இரண்டும் சமமாகக் கேட்டால் விமானம் சரியான பாதையில் இருக்கிறது.

இந்தச் சமநிலை கெட்டால்? அதற்காகவே கண்காணிப்புக் கருவி இருக்கிறது. அது கற்றையை இடைவிடாமல் அளக்கிறது. அளவு வரம்பு மீறினால் மாற்றுக் கருவி இயங்கும், அல்லது சமிக்ஞையே நிறுத்தப்படும். முதல் வகை அமைப்பில் நடுக்கோட்டுக் கற்றைக்கு 10 விநாடியும் சரிவுக் கற்றைக்கு 6 விநாடியுமே அவகாசம். ஆயினும் கட்டடங்களிலும் வாகனங்களிலும் பட்டுத் தெறிக்கும் அலை, தூரத்தில் கற்றையை வளைக்கலாம். தரையிலுள்ள கருவிக்கு அது தென்படாமல் போகலாம். எனவே பரிசோதனை விமானம் ஒன்று குறித்த காலத்திற்கு ஒருமுறை பறந்து அளந்து பார்க்கும்.

இதன் பெறுமதியை உணர்த்துவது 1978 நவம்பர் 15ஆம் திகதி கட்டுநாயக்காவில் நடந்த விபத்து. ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசிய ஹாஜிகளை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவன விமானம், தரையிறங்கும் வேளையில் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். இலங்கை விசாரணை விமானிகள் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிறங்கு கருவியின் பராமரிப்பையும் கட்டுப்பாட்டு அதிகாரியின் தவறையும் சுட்டியது. தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் இத்தகைய கேள்விக்கு ஐயமின்றிப் பதில் சொல்ல, அந்த வேளையில் சமிக்ஞை எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும்.

நம் கடைத் தராசுக்கும் முத்திரை இடுகிறார்கள். அது பரிசோதனை விமானம் போன்றது, எப்போதோ ஒருமுறை வருவது. மற்ற நாட்களில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பது நம் பொறுப்பு. பிழை கண்டால் அதிகாரி வரும்வரை காத்திராமல் அன்றே தராசை மேசையிலிருந்து இறக்கிவிட வேண்டும். ஒருநாள் விற்பனை போகலாம். வாடிக்கையாளரின் நம்பிக்கை போகாது.